அரசியலில் நேரடியாக இறங்கிய, எழுத்தாளராகவும் இருந்த ஆங்கிலிக்கன் பிஷப் யார்? அவர் வாழ்க்கை பற்றிச் சொல்ல முடியுமா?

டெஸ்மண்ட் டுட்டுவின் பெயரைப் பலரும் சொல்வார்கள், சரிதான். எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர், அவருக்கு நூறாண்டு முந்தி அதே தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த ஜான் வில்லியம் கொலென்சோ.

1814இல் இங்கிலாந்தின் கார்ன்வாலில் பிறந்தார். அடிப்படையில் கணக்கு வாத்தியார். அவருடைய எண்கணித, அல்ஜீப்ரா பாடநூல்கள் பல பள்ளிகளில் நடத்தப்பட்டன. 1853இல், தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷ் காலனியாக இருந்த நேட்டாலின் பிஷப் ஆனார். பீட்டர்மாரிட்ஸ்பர்க் அருகே குடியேறி ஜூலு மொழியைக் கற்று, அதற்கு இலக்கணமும் அகராதியும் எழுதினார்.

வேதாகமத்தை ஜூலுவில் பெயர்க்கும் வேலையில் அவருக்குத் துணையாக இருந்தவர் வில்லியம் ங்கிடி என்ற ஜூலு மனிதர். நோவாவின் பேழைக் கதை வந்தபோது, இதெல்லாம் உண்மையா, அத்தனை மிருகங்களுக்கும் நோவா தீனி சேர்த்தாரா என்று அவர் கேட்டார். வேறொரு மிஷனரியாக இருந்தால் அதட்டி வாயை அடைத்திருப்பார். கொலென்சோ உட்கார்ந்து கணக்குப் போட்டார். யாத்திராகமம் சொல்லும் 6 லட்சம் ஆண்கள், அவர்களுடைய குடும்பங்கள், ஆடு மாடுகள் எல்லாம் வனாந்தரத்தில் எப்படிப் பிழைத்திருக்க முடியும்? இந்த ஆராய்ச்சியை 1862இல் தொடங்கி ஏழு பாகங்களாக வெளியிட்டார். இங்கிலாந்தே கொதித்தது. கேப் டவுன் பிஷப் ராபர்ட் கிரே அவரைப் பதவி நீக்கினார். கிரேக்கு அந்த அதிகாரம் இல்லை என்று 1865இல் லண்டன் பிரிவி கவுன்சில், அதாவது காலனிகளுக்கான உச்ச மேல்முறையீட்டு மன்றம், சொல்லிவிட்டது.

வரலாற்றில் பெரும்பாலும் இந்த மதச் சண்டையைத்தான் பேசுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது 1873இல் நடந்தது. துப்பாக்கிகளைப் பதிவு செய்யும் தகராறில் ஹ்லுபி மக்களின் தலைவர் லங்கலிபலேலே மேல் வழக்கு வந்தது. அவருக்காக வாதாட வக்கீல் இல்லை. நேட்டால் ஆளுநர் பைன்தான் நீதிபதி. உடன் உட்கார்ந்திருந்தவர் கொலென்சோவின் நெருங்கிய நண்பரும், ஆப்பிரிக்க மக்கள் விவகாரங்களைக் கவனித்த அதிகாரியுமான தியோபிலஸ் ஷெப்ஸ்டன். அரசாங்கத் தூதரை நிர்வாணமாக்கி அவமதித்தார்கள் என்பது முக்கியமான குற்றச்சாட்டுகளில் ஒன்று. கொலென்சோ சாட்சிகளைத் தேடிப் பிடித்து விசாரித்தார். தூதரின் மேலங்கியைத்தான் கழற்றச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கும் காரணம் இருந்தது. 1858இல் ஷெப்ஸ்டனின் தம்பி, பேச்சுவார்த்தை என்று ஒரு தலைவரை அழைத்து, மறைத்து வைத்த ஆயுதத்தை எடுத்திருந்தார். அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

வேதாகமத்தைச் சோதித்த அதே கையால் அரசாங்கத்தின் சாட்சியத்தையும் சோதித்தார். இருபது ஆண்டு நட்பு முறிந்தது. நேட்டாலின் வெள்ளையர்கள் பெரும்பாலோர் அவரை வெறுத்தார்கள். 1874இல் லண்டன் போய் முறையிட்டார், பைன் திரும்ப அழைக்கப்பட்டார்.

அவர் பேரரசை எதிர்த்தவர் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் நீதியை மனதார நம்பினார். அது பொய்யாகும் ஒவ்வொரு இடத்திலும் அவருக்கு வலித்தது. 1879 ஜனவரியில் பிரிட்டிஷ் படை ஜூலு நாட்டுக்குள் புகுந்தது. அங்கே இசண்ட்ல்வானா என்ற இடத்தில் ஜூலுக்கள் பிரிட்டிஷ் தரப்பில் 1,300க்கும் மேற்பட்டோரைக் கொன்றார்கள். ஊரெல்லாம் பழிவாங்கத் துடித்த நேரம். மார்ச்சில் அவர் மீகா 6:8ஐ எடுத்துக்கொண்டு பிரசங்கம் செய்தார். "நியாயஞ்செய்து, இரக்கத்தைச் சிநேகித்து" என்ற வசனம். படையெடுத்துப் போன நாம் அப்படி நடந்தோமா என்று, பிள்ளைகளை இழந்தவர்கள் நிறைந்த அந்த ஊரிலேயே கேட்டார். அந்தத் துணிச்சலை நினைத்தால் இன்றும் எனக்கு மெய் சிலிர்க்கிறது.

அப்புறம் சிறைப்பட்ட ஜூலு மன்னர் செட்ச்வாயோவுக்காக எழுதி எழுதியே ஓய்ந்தார். 1883 ஜூனில் இறந்தார். ஜூலு மக்கள் அவரை 'சொபன்டு', அதாவது மக்களின் தந்தை, என்று அழைத்தார்கள். மகள் ஹாரியட் அதே வேலையைக் கையில் எடுத்து, செட்ச்வாயோவின் மகன் டினுசுலுவுக்காக அடுத்த இருபது ஆண்டுகளுக்கும் மேல் போராடினார்.