கறையானுக்காக நிலையான வைப்பை உடைக்கலாமா?

கேள்வி: மட்டக்களப்பு ஆரையம்பதியில் ஓட்டு வீடு. வாசல் நிலையைக் கறையான் அரித்துவிட்டது. முதிரை மரத்தில் புது நிலை போட ஆசாரி 120,000 ரூபா கேட்கிறார். வீட்டைச் சுற்றி மருந்தடிக்க ஒரு நிறுவனம் 90,000 சொல்கிறது. கணவர் கட்டாரில். வங்கியில் 6 இலட்சம் ரூபா ஓராண்டு வைப்பு, முதிர இன்னும் 4 மாதம். அதை உடைக்கவா, நகையை அடகு வைக்கவா?

பதில்: இரண்டும் வேண்டாம், சகோதரி. அதற்கு முன், வந்திருப்பது கறையான்தானா என்று பாருங்கள். நிலையின் கீழே மாவு போலத் தூள் கொட்டி, மரத்தில் பொட்டுப் பொட்டாக ஓட்டை இருந்தால் அது பெரும்பாலும் உளு, மரத்தைத் துளைக்கும் வண்டு. அதற்கு மண்ணுக்கு மருந்தடிப்பது வீண் செலவு. சுவரோரம் பென்சில் கனத்தில் மண்பாதை ஏறியிருந்தால் கறையான். அந்தப் பாதையை ஓரிடத்தில் உடைத்துவிடுங்கள். இரண்டு மூன்று நாளில் ஈரமண் வைத்து அடைத்திருந்தால் கூட்டம் உயிரோடு இருக்கிறது. அடைக்காவிட்டால் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம், வேறு வழி பிடித்திருக்கலாம்.

கறையான் என்றால் முதல் காசு மண்ணுக்கு, மரத்துக்கல்ல. வைரம் பாய்ந்த முதிரையைக் கறையான் லேசில் தொடாதுதான். ஆனால் கூட்டம் மண்ணுக்குள் இருக்கும்வரை ஜன்னல் நிலை, கூரை மரம் என்று தேடிப் போகும்.

சரி, காசுக்கு எங்கே போவது? வைப்பை ஈடாக வைத்து 90,000 கடன் எடுங்கள். ஆண்டு வட்டி 12% என்று வைத்தாலும் 4 மாதத்துக்கு 3,600 ரூபாதான். கணவர் அனுப்பும் காசில் மாதாமாதம் கட்டினால் இன்னும் குறையும். வைப்பை உடைத்தாலோ 6 இலட்சம் முழுவதற்கும் வட்டியைக் குறைத்துவிடுவார்கள். 8% வட்டி 5% ஆனால், கடந்த 8 மாதத்துக்கு மட்டும் 12,000 ரூபா போச்சு. அடகு வட்டியும் பெரும்பாலும் வைப்புக் கடனைவிடக் கூடத்தான்.

அந்த 90,000 இல் என்னென்ன அடக்கம் என்று எழுத்தில் வாங்குங்கள்: மருந்தின் பெயர், எங்கெங்கே துளை போடுவார்கள், கறையான் திரும்பி வந்தால் இலவசமாக அடிப்பார்களா. முழுக் காசையும் முன்கூட்டியே கொடுக்காதீர்கள். நம்முடையது மணல் தரை, கிணற்று நீரும் மேலாகவே கிடக்கும். கிணற்றுப் பக்கம் மருந்து இறக்க விடவே கூடாது. ஐப்பசி மழைக்கு முன் வேலையை முடியுங்கள், நனைந்த மண்ணில் மருந்து சரியாக ஊறாது.

ஆசாரிக்கு இப்போது முற்பணம் கொடுக்க வேண்டாம். வைப்பு முதிரும்போது மண்பாதை திரும்ப ஏறவில்லையென்றால் அந்தக் காசில் நிலையை மாற்றுங்கள்.