டெக்சாஸ் ஆளுநர் அதிகாரம் குறைந்தவரா?

உங்கள் மகளின் பாடநூல் டெக்சாஸ் ஆளுநரை அதிகாரம் குறைந்தவர் என்கிறது, செய்திகளிலோ எல்லாம் அவர் கையில் இருப்பதாகத் தெரிகிறது, எது சரி என்று கேட்டிருந்தீர்கள். பாடநூல் சொல்வது அரசமைப்பைப் பொறுத்தவரை சரிதான். உள்நாட்டுப் போருக்குப் பின் ஆளுநரான எட்மண்ட் டேவிஸின் கையில் மாநிலக் காவற்படையும் ஏராளமான நியமனங்களும் இருந்தன. 1873 தேர்தலில் ரிச்சர்ட் கோக்கிடம் தோற்ற பிறகும், 1874 ஜனவரியில் அவர் நாற்காலியை விட்டு எளிதில் இறங்கவில்லை. அந்தக் கசப்பில் பிறந்ததுதான் இன்றும் நடப்பிலுள்ள 1876 அரசமைப்பு. (விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கு டேவிஸ் அரணாக நின்றதும் எதிரிகளை உறுத்தியது என்பதைச் சேர்த்தே படிக்க வேண்டும்.)

அந்த அரசமைப்பின்படி தலைமை வழக்கறிஞர், நில ஆணையர் போன்றோரை மக்களே தேர்ந்தெடுப்பதால் ஆளுநர் அவர்களை நீக்க முடியாது. தனியே தேர்வாகும் துணை ஆளுநரோ, 31 பேர் கொண்ட செனட்டுக்குத் தலைமை தாங்கி, எந்த மசோதா எந்தக் குழுவுக்குப் போகும் என்பதையே முடிவு செய்கிறார். சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டத்தொடர் ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும், அதிகபட்சம் 140 நாட்கள் நடக்கும். அதற்கப்பால் 30 நாள் சிறப்புக் கூட்டத்தை அழைப்பதும், அதில் எதைப் பேசலாம் என வரையறுப்பதும் ஆளுநருக்கே உரியவை. இத்தனை முறைதான் பதவி வகிக்கலாம் என்ற வரம்பும் இல்லாததால், நெடுநாள் நீடிக்கும் ஆளுநர், மாநில அமைப்புகளை மேற்பார்க்கும் வாரியங்களைத் தம் ஆட்களாலேயே நிரப்பிவிடுகிறார். செய்திகளில் நீங்கள் காணும் செல்வாக்கில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது.