வீடு கிடைத்தும் ஏன் வெளியே தூங்குகிறார்?

கேள்வி: எட்டு மாதமாக ஒருவருக்குத் தொண்டூழிய வழிகாட்டியாக இருக்கிறேன். அவருக்கு வயது 58, இரவுப் பாதுகாவலர் வேலை. அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். தற்காலிகத் தங்குமிடத்தில் இருந்தவருக்கு வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) வாடகை வீட்டில் இடம் வாங்க எத்தனை படிவம், எத்தனை நடை! இன்னொருவரோடு பகிர்ந்துகொள்ளும் ஓரறை வீடு. கூட இருப்பவர் நாள் முழுதும் தொலைக்காட்சி பார்க்கும் முதியவர் என்று சொல்லிச் சிரித்தார். குடியேறி மூன்று மாதம்கூட ஆகவில்லை. போன வாரம் ஒரு நாள் காலை பத்து மணிக்கு, வேறொரு அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் பையைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பாமல் வந்துவிட்டேன். பழைய பழக்கம் விடாது போலும். நான் விலகிக்கொள்ளலாமா?
– வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், அம்மா. விடையை நீங்களே எழுதிவிட்டுக் கவனிக்காமல் தாண்டிப் போயிருக்கிறீர்கள். இரவெல்லாம் விழித்திருப்பவர் பகலில்தான் தூங்க வேண்டும். ஓரறை வீட்டில் தனிப் படுக்கையறை கிடையாது. தொலைக்காட்சி அலறுகிற அதே இடத்தில்தான் அவருடைய மெத்தையும் இருக்கிறது. காலை பத்து மணிக்கு அவர் தேடிப் போனது தெருவை அல்ல, தூக்கத்தை.

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார் என்கிறீர்களே, அதுதான் புகார். இவ்வளவு அலைந்து வீடு வாங்கித் தந்த பெண்ணிடம் "இது சரிப்படவில்லை" என்று எந்த முகத்தோடு சொல்வார்?

தெருவில் படுப்பவர் என்றதும் வேலையில்லாதவர் என்று நினைத்துக்கொள்கிறோம். 2019இல் லீ குவான் இயூ பொதுக் கொள்கைப் பள்ளி ஆய்வாளர் ஒருவர் சிங்கப்பூர் முழுவதும் எண்ணியபோது ஏறக்குறைய ஆயிரம் பேர் இருந்தார்கள். அவர்களில் வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். தம் பெயரில் வீடு இருந்தும் அங்கே போக முடியாதவர்களும் உண்டு. சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சு 2022இல் எண்ணியபோது 530 பேர். முன்பின் தெரியாத இருவரை ஒரே அறையில் வைப்பதன் சிக்கல் வீவகவுக்கும் தெரிந்ததுதான். பொருத்தமான இருவரைச் சேர்த்துவைக்கும் பொறுப்பைச் சமூக சேவை அமைப்புகளிடம் கொடுத்துப் பார்த்தார்கள். புக்கிட் பாத்தோக்கில் ஆளுக்கொரு அறை, சமையலறையும் கழிவறையும் பொது என்ற ஏற்பாட்டை 2023 டிசம்பரில் தொடங்கினார்கள். ஆகவே உங்கள் அண்ணனுக்கு வேறு வழியே இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். இடையில் ஒரு தடுப்பு வைக்கலாமா, கூட இருப்பவரை மாற்ற முடியுமா என்று அவருடைய சமூக சேவை ஊழியரிடம் கேட்கலாம். ஆனால் அண்ணனின் சம்மதம் இல்லாமல் வாயைத் திறக்காதீர்கள். வெளியே படுத்தது தெரிந்தால் வீடு பறிபோய்விடுமோ என்ற பயம் அவருக்கு இருக்கக்கூடும்.

பழக்கம் என்று ஒன்று இல்லாமல் இல்லை. முன்பு நான் உதவிய தங்குமிடத்தில் ஒருவர் நான்கு மாதம் காலணிகளைத் தலையணைக்கு அடியில் வைத்தே தூங்கினார். வெளியில் படுத்தால் முதலில் காணாமல் போவது அவைதானாம். ஒருநாள் பார்த்தால் அவை கட்டிலுக்குக் கீழே கிடந்தன. யாரும் அவருக்குப் புத்தி சொல்லவில்லை.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். "எத்தனை படிவம், எத்தனை நடை" என்ற கணக்கை அவர் காதில் விழ ஒருபோதும் சொல்லிவிடாதீர்கள். அவருக்கு அது கடன் பத்திரம் போலக் கேட்கும். கடன்காரர்களைக் கண்டு ஒளிந்து ஒளிந்துதான் பலர் இந்த நிலைக்கே வருகிறார்கள்.

இப்போதைக்கு விலக வேண்டாம். நீங்கள் சந்திக்கும் நேரத்தை மட்டும் மாற்றுங்கள். உங்களுக்கு வசதியான மாலைப்பொழுது, அவர் வேலைக்குக் கிளம்பும் நேரமாக இருக்கலாம். காலையில் வேலை முடிந்து வருகிறவரைக் காப்பிக்கடையில் பாருங்கள். படிவப் பையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். புளோக்கின் கீழே பார்த்ததைப் பற்றி எடுத்த எடுப்பில் பேச வேண்டாம். "தூக்கமெல்லாம் எப்படி இருக்கிறது, அண்ணே?" என்று கேட்டுவிட்டு, அவர் பேசும்வரை பொறுத்திருங்கள். தே ஓ தேநீருக்குக் காசு கொடுக்க அவர் கையை நீட்டினால், தடுக்காதீர்கள்.