போர்வெல் மோட்டாரைத் தானாக ஓடவிட என்ன கவனிக்க வேண்டும்?

ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது, ஈஎஸ்பி8266 என்ற வைஃபை போர்டும், அது சொன்னபடி சுவிட்ச் போடும் ரிலேவும் வாங்கிவிட்டேன், மொட்டைமாடித் தொட்டி தானாக நிரம்பும்படி செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டில் நான்கு வருடமாக அப்படித்தான் நிரம்புகிறது. ஆனால் ப்ரோக்ராம் கோடு எழுத உட்காருவதற்கு முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: கரண்ட் போய்த் திரும்பி வந்ததும் முதல் ஐந்து நிமிடம் உங்கள் போர்டு என்ன செய்யும்?

நான் அதை யோசிக்கவில்லை. முதல் வருடம், கத்திரி வெயில் நேரம். இரவு 10 மணிக்குப் போனில் மோட்டாரைப் போட்டேன், உடனே கரண்ட் போனது. படுத்துவிட்டேன். விடியற்காலை அம்மா எழுப்பினார்: "டேய், தொட்டி ரொம்பி தண்ணி தெருவுல போய்க்கினு கீதுடா." பாலாறு மணலாய்க் கிடக்கிற மாதத்தில், போரில் ஊறுகிற தண்ணீர் எத்தனை மணி நேரம் சாக்கடைக்குப் போனதோ! இன்றும் அதை நினைத்தால் மனசு கேட்பதில்லை.

காரணம் இரண்டு. போனும் போர்டும் பை வழியாகச் செய்தி அனுப்பிக்கொள்வது எம்க்யூடிடி என்ற முறையில். அதில் 'ஆன்' கட்டளையை ரீட்டெய்ன் போட்டு, அதாவது கடைசிச் செய்தியைச் சேமித்து வைக்கச் சொல்லி, அனுப்பியிருந்தேன். ராஸ்பெரி பை இன்வெர்ட்டரில் இருந்ததால் அணையவில்லை, அந்தக் கட்டளையைப் பத்திரமாக வைத்திருந்தது. நள்ளிரவில் கரண்ட் வந்து போர்டு மறுபடி இணைந்ததும் பழைய 'ஆன்' அதன் கையில் போய்ச் சேர்ந்தது. இரண்டாவது, தொட்டி மூடியில் வைத்த, ஒலி அனுப்பித் தண்ணீர் மட்டத்தை அளக்கும் அல்ட்ராசானிக் சென்சார். ஜேஎஸ்என் வகை சென்சாருக்கு ஏறக்குறைய 20 சென்டிமீட்டருக்குள் வந்த தண்ணீர் சரியாகத் தெரியாது. தொட்டி நிறைகிற நேரத்தில்தான் அது தப்பாகச் சொல்லும். நிறையவில்லை என்று நம்பி மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது.

மோட்டார் ஓடுகிறதா, நிற்கிறதா என்ற நிலையை மட்டும் ரீட்டெய்ன் செய்யுங்கள், கட்டளையைச் செய்யாதீர்கள். போர்டு உயிர் பெற்றதும் ரிலே ஆஃபில்தான் இருக்க வேண்டும். ஐந்து நிமிடம் பொறுத்து, தொட்டி அளவைப் புதிதாகப் பார்த்து, அதன் பிறகு முடிவு செய்யட்டும். எங்கள் 1000 லிட்டர் தொட்டி நிறைய 25 நிமிடம் ஆகும். 35 நிமிடம் தாண்டினால் எது என்ன சொன்னாலும் போர்டே நிறுத்திவிடும். ரிலேவை டி1, டி2 பின்களில் போடுங்கள். டி4 பின்னோ போர்டு பூட் ஆகும்போதே துடிக்கும், பின்னில் வோல்டேஜ் இறங்கினால் ஆன் ஆகும் லோ-ட்ரிகர் ரிலே டக்டக்கென்று அடித்துக்கொள்ளும்.

பெரிய பாடம் எலக்ட்ரீஷியன் அண்ணன் சொன்னது. நான் ரிலேவை ஸ்டார்ட்டரின் கான்டாக்டர் (மோட்டாருக்குக் கரண்ட் விடும் பெரிய காந்த சுவிட்ச்) காயிலுக்கு நேராகக் கொடுத்திருந்தேன். அவர் பார்த்துவிட்டு, "தம்பி, கரண்ட் போனா கான்டாக்டர் தானா விழுந்துடும், பச்சை பட்டன அழுத்துனாதான் மறுபடி எடுக்கும். அந்தப் பாதுகாப்பை நீ எடுத்துட்டியே" என்றார். அவரே மாற்றிக் கொடுத்தார். இப்போது ஒரு ரிலே பச்சை பட்டனுக்கு இணையாக ஒரு நொடி அழுத்திவிட்டு விடும். இன்னொன்றும் தொட்டியில் மிதக்கும் ஃப்ளோட் சுவிட்சும் சிவப்பு பட்டனோடு தொடரில். தொட்டி நிறைந்தால் என் கோடு, வைஃபை எதையும் கேட்காமல் மோட்டார் நிற்கும். 230 வோல்ட் பக்கத்தை நீங்களும் எலக்ட்ரீஷியனிடமே விடுங்கள். 10 ஆம்பியர் நீல ரிலேவில் மோட்டாரை நேராக மாட்டவே வேண்டாம், ஸ்டார்ட் ஆகும்போது இழுக்கும் கரண்டில் அதன் முனைகள் ஒட்டிக்கொள்ளும்.

நெட்வொர்க்கில் அதிகம் இல்லை. ஈஎஸ்பி8266க்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும். ஹாலில் இருக்கும் ரவுட்டர் இரண்டு கான்கிரீட் தளம் தாண்டி மாடிக்கு எட்டாததால் கேட்6 கேபிள் இழுத்து, பழைய ரவுட்டரை டிஹெச்சிபி (ஐபி முகவரி கொடுக்கும் வேலை) அணைத்து, வைஃபை மட்டும் தரும் ஆக்சஸ் பாயிண்டாக வைத்தேன். வெளியூரிலிருந்து பார்க்க வேண்டுமா? ரவுட்டரின் WAN முகவரி (இன்டர்நெட் பக்கத்து ஐபி) 100.64 முதல் 100.127 வரையில் தொடங்கினால் அது பலருக்கும் பொதுவான இணைப்பு, ரவுட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வழி) திறந்து பயனில்லை. இன்டர்நெட்டில் ஒரு சின்ன சர்வர் எடுத்து வயர்கார்ட் என்ற விபிஎன் போடுங்கள்.

அப்புறம், புது ஃபர்ம்வேரை (போர்டில் ஓடும் ப்ரோக்ராமை) நேராக மோட்டார் போர்டில் ஏற்றாதீர்கள். ஆபீசில் சோதித்துப் பார்க்கும் ஸ்டேஜிங் சர்வர் இல்லாமல் எதையும் ரிலீஸ் செய்ய மாட்டோம் அல்லவா, வீட்டுக்கும் அதே நியாயம்தான். மேசையில் இன்னொரு போர்டு, ரிலேவில் மோட்டாருக்குப் பதில் ஒரு பல்பு. பத்து முறை பிளக்கைப் பிடுங்கி மாட்டிப் பாருங்கள். முந்தைய ஃபர்ம்வேரின் .bin ஃபைலைக் கையில் வைத்திருங்கள். திங்கள் காலை காட்பாடியில் ரயில் ஏறினால் வெள்ளி இரவுதான் திரும்புவேன், அதனால் ஞாயிறு மதியத்துக்குப் பிறகு எதையும் ஏற்றுவதில்லை.

போன வருடம் பையின் எஸ்டி கார்டு செத்துப்போனது. இரண்டு நாள் எதுவும் வேலை செய்யவில்லை. அம்மா பச்சை பட்டனை அழுத்தித் தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தார், எனக்குப் போன்கூடச் செய்யவில்லை.