1930களின் பெருமந்தத்திலிருந்து அமெரிக்காவை மீட்டது அரசு கொடுத்த வேலையா, போரா?

கேள்வி கேட்டவர் இரண்டு விஷயங்களைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். அன்றைய அதிபர் ரூஸ்வெல்ட்டின் அரசு லட்சக்கணக்கானவர்களுக்கு வேலை கொடுத்தும் 1938-இல் வேலையின்மை 19 சதவீதமாக இருந்ததே, அப்படியானால் அந்தச் செலவெல்லாம் வீண்தானே என்பது ஒன்று. கடைசியில் இரண்டாம் உலகப் போர்தானே அந்த நாட்டைத் தூக்கிவிட்டது என்பது இன்னொன்று.

வீண் இல்லை என்பது என் பதில். வேலை கொடுத்த மாதங்களில் பொருளாதாரம் எழுந்தது, கையை இழுத்துக்கொண்ட மாதங்களில் மறுபடி சரிந்தது. போரைப் பற்றிய வாதத்தை உற்றுப் பார்த்தால் அதுவும் இதைத்தான் சொல்கிறது. நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். 2020 ஊரடங்கில் வேலை போய், அருப்புக்கோட்டை பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்குத் திரும்பினேன். இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தது அப்போதுதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பெருமந்தம் என்ற அந்தப் பொருளாதாரப் பள்ளம் எவ்வளவு ஆழம் என்று பார்க்க வேண்டும். 1929-இல் 3 சதவீதத்தைச் சற்றே தாண்டியிருந்த வேலையின்மை 1933-இல் 25 சதவீதத்துக்குப் போனது. ஏறக்குறைய 1 கோடியே 28 லட்சம் பேர். நாட்டின் மொத்த உற்பத்தியில் கால்வாசிக்கும் மேல் காணாமல் போனது. சுமார் 9,000 வங்கிகள் மூடின. டெபாசிட்டுக்கு மத்திய அரசின் காப்பீடு அப்போது கிடையாது, அதனால் வங்கியோடு சேமிப்பும் போனது. இப்படி ஒரு நிலையில் கூலி குறைந்துவிட்டதே என்று எந்த முதலாளியும் ஆள் எடுக்க மாட்டார். சரக்கை வாங்க ஆள் இல்லாதபோது மலிவாகக் கிடைக்கும் தொழிலாளியை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? தனியார் துறை தானாக எழுந்துவிடும் என்று மூன்றரை வருடம் காத்திருந்து பார்த்தாயிற்று. எழவில்லை.

1933 மார்ச்சில் ரூஸ்வெல்ட் பதவியேற்றார். பெரிய கட்டுமானங்களுக்கென்று 330 கோடி டாலர் ஒதுக்கி, ஹெரால்ட் இக்கிஸ் என்பவர் தலைமையில் ஓர் அமைப்பை உருவாக்கினார்கள். இக்கிஸ் ஒரு சல்லிக்காசுகூடத் திருட்டுப் போகக் கூடாது என்று ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் பிரித்துப் பார்ப்பவர். நல்ல குணம்தான். ஆனால் அணைக்கும் சுரங்கப்பாதைக்கும் வரைபடம் போட்டு, நிலம் எடுத்து, டெண்டர் விட்டு முடிப்பதற்குள் குளிர்காலம் வந்துவிடும். அமெரிக்காவின் வடபகுதியில் அந்தக் குளிரில் விறகு வாங்கக் காசில்லாமல் இருப்பது உயிர்ப் பிரச்சினை.

இந்த இடத்தில்தான் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் வருகிறார். பெயர் ஹாரி ஹாப்கின்ஸ், சமூகப் பணியாளராக இருந்தவர். ஏதோ ஒரு திட்டம் நீண்டகாலத்தில் பலன் தரும் என்று யாரோ சொன்னபோது, 'மனிதர்கள் நீண்டகாலத்தில் சாப்பிடுவதில்லை, தினமும் சாப்பிடுகிறார்கள்' என்று அவர் பதில் சொன்னதாகச் சொல்வார்கள். 1933 நவம்பரில் அவர் பொறுப்பில் 'சிவில் ஒர்க்ஸ் அட்மினிஸ்ட்ரேஷன்' என்ற திட்டம் தொடங்கியது. இரண்டு வாரத்துக்குள் 8 லட்சம் பேருக்கு மேல் வேலையில் இருந்தார்கள். ஜனவரி நடுவில் அது 42 லட்சத்தைத் தாண்டியது. கணினி இல்லாத காலம் என்பதை மறந்துவிட வேண்டாம்.

எப்படி முடிந்தது? சம்பளம் கொடுக்கப் புது அலுவலகம் எதையும் அவர்கள் திறக்கவில்லை. முன்னாள் படைவீரர்களுக்கு ஓய்வூதியம் அனுப்பிக்கொண்டிருந்த துறையிடம் ஊர் ஊராகக் காசோலை அனுப்பும் ஏற்பாடு ஏற்கெனவே இருந்தது. அதையே பயன்படுத்தினார்கள். பெரிய கட்டுமானங்களைத் தொடவில்லை. பள்ளிக்கூடத்துக் கூரை, சாலைப் பள்ளம், சாக்கடை, விளையாட்டுத் திடல் என்று மறுநாளே தொடங்கக்கூடிய வேலைகளை எடுத்தார்கள். சுமார் 40,000 பள்ளிகள் கட்டப்பட்டன அல்லது பழுதுபார்க்கப்பட்டன. இன்னொன்றையும் கவனியுங்கள். பாதிப் பேரை நிவாரணப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள், மீதிப் பேரிடம் வேலை இல்லை என்பதைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. 'நான் ஏழை' என்று அதிகாரி முன்னால் நின்று நிரூபிக்கும் அவமானம் அவர்களுக்கு இல்லை.

1934 மார்ச் கடைசியில் அதை மூடிவிட்டார்கள். செலவு 100 கோடி டாலரை நெருங்கிவிட்டது. மக்கள் இதற்குப் பழகிவிட்டால் நாட்டில் நிரந்தரமாக ஒரு கூட்டம் அரசுக் கூலியையே நம்பியிருக்கும் என்ற பயம் ரூஸ்வெல்ட்டுக்கே இருந்தது. தெற்கு மாநிலங்களின் நிலக்காரர்கள் வேறு, மணிக்கு 40 சென்ட் கொடுத்தால் எங்கள் வயலுக்கு எவன் வருவான் என்று சண்டை போட்டார்கள். நம் ஊரில் களை எடுக்க ஆள் கிடைக்கவில்லை என்று கேட்கிறோமே, அதே குரல்தான்.

இனி என் கதை. 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மூன்று மாதங்களில் இந்தியாவின் உற்பத்தி முந்தைய வருடத்தைவிட ஏறக்குறைய 24 சதவீதம் விழுந்தது. எங்கள் வீட்டில் அன்றைக்கு வந்த ஒரே வருமானம் அம்மாவின் நூறு நாள் வேலைக் கூலி. தமிழ்நாட்டில் அந்த வருடம் நாள் கூலி அதிகபட்சம் 256 ரூபாய். நானும் அட்டையில் பெயரைச் சேர்த்துக்கொண்டு மண்வெட்டியோடு கண்மாய்க்குப் போனேன். ஒரு மாதம் கழித்துக் கூலி ஏறியதும் அம்மா செய்த முதல் வேலை, மளிகைக் கடையில் பழைய பாக்கியை அடைத்தது. கடை அண்ணாச்சி நோட்டில் எங்கள் பக்கத்தைக் குறுக்கே அடித்துவிட்டு, 'இப்பத்தான் தம்பி விருதுநகருக்குப் பருப்புக்குப் போன் போட்டேன், ரெண்டு மாசமா அவங்களுக்கு என் முகத்தையே காட்டல' என்றார். அம்மாவைப் போல அறுபது எழுபது பெண்கள் அந்த வாரம் அவர் கடைக்கு வந்திருந்தார்கள். அவர் விருதுநகர் மண்டிக்குக் கொடுத்தார், மண்டி லாரிக்காரருக்குக் கொடுத்திருக்கும். வசதியானவர் கையில் அதே பணம் போயிருந்தால் அந்த நேரத்தில் வங்கியில்தான் தூங்கியிருக்கும். அரசு கொடுக்கும் கூலி ஏன் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு வேலை செய்கிறது என்று புத்தகத்தில் படித்தபோது எனக்கு அந்த நோட்டுதான் நினைவுக்கு வந்தது. அந்த நிதியாண்டில் பட்ஜெட்டில் போட்ட 61,500 கோடிக்கு மேல் இன்னும் 40,000 கோடி ரூபாயை மத்திய அரசு ஒதுக்கியது. நாடு முழுவதும் உருவான வேலைநாட்கள் முந்தைய வருடத்தின் 265 கோடியிலிருந்து 389 கோடியானது. அது இல்லாமல் அந்த வருடத்தை எங்கள் பக்கம் எப்படிக் கடந்திருப்போம் என்று எனக்குத் தெரியவில்லை.

சரி, மறுபடி அமெரிக்கா. 1935-இல் ஹாப்கின்ஸுக்கு இன்னொரு வாய்ப்பு கிடைத்தது. 'ஒர்க்ஸ் புரோகிரஸ் அட்மினிஸ்ட்ரேஷன்', சுருக்கமாக டபிள்யூ.பி.ஏ. எட்டு வருடத்தில் மொத்தம் 85 லட்சம் பேர் அதில் வேலை பார்த்தார்கள். ஆறரை லட்சம் மைல் சாலை, 75,000-க்கு மேல் பாலங்கள், 1,25,000 பொதுக் கட்டடங்கள். நியூயார்க்கின் லாகார்டியா விமான நிலையத்தில் அவர்கள் உழைப்பு இருக்கிறது. எனக்கு இவற்றைவிடப் பிடித்தது கென்டக்கி மலைப்பகுதியின் குதிரை நூலகம். சாலையே இல்லாத அந்த மலைக் கிராமங்களுக்கு, மாதம் 28 டாலர் சம்பளத்தில், பெண்கள் குதிரையிலும் கோவேறு கழுதையிலும் புத்தகம் சுமந்து போனார்கள். குதிரையை அவர்களே கொண்டுவர வேண்டும். ஆற்றைக் கடந்து, பனியில், வீடு வீடாக.

இவர்கள் மண்வெட்டியில் சாய்ந்து நின்றுகொண்டு சம்பளம் வாங்குகிறார்கள் என்று அன்றைய பத்திரிகைகள் கேலிச் சித்திரம் போட்டன. கண்மாய்க் கரையில் மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் பெண்களைப் போட்டோ எடுத்துப் போடுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. காலையிலிருந்து மண் சுமந்தவர்கள் அவர்கள். நானும் கூடவே சுமந்தேன்.

இப்போது அந்த 19 சதவீதத்துக்கு வருகிறேன். நீங்கள் சொல்லும் எண், ஸ்டான்லி லெபர்காட் என்ற பொருளாதார அறிஞர் தொகுத்த பட்டியலில் இருப்பது. அதில் டபிள்யூ.பி.ஏ.-வில் வேலை பார்த்தவர்களையும் வேலையில்லாதவர் கணக்கிலேயே சேர்த்திருக்கிறார்கள். பாலம் கட்டிச் சம்பளம் வாங்கி வீட்டுக்குப் போகிறவர், பட்டியலில் வேலையில்லாதவர். 1976-இல் மைக்கேல் டார்பி என்பவர் இவர்களை வேலையில் இருப்பவர்களாக வைத்து மறுபடி கணக்குப் போட்டார். 1936-இல் 17 சதவீதம் என்றிருந்தது 10 சதவீதமாகிறது. 1938-இன் 19 சதவீதம் 12.5 ஆகிறது. இது நிரந்தர வேலை இல்லையே, சந்தை மீண்டதா என்று பார்க்கத்தானே கணக்கு என்று லெபர்காட் பக்கம் நின்று வாதாடலாம், அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அரசு வேலைத் திட்டம் பலித்ததா என்ற கேள்விக்கு, அந்தத் திட்டம் கொடுத்த வேலைகளையே விட்டுவிட்ட எண்ணைச் சாட்சிக்குக் கூப்பிடுவது எப்படிச் சரியாகும்?

12.5-உம் அதிகம்தானே என்றால், ஆமாம், அதிகம்தான். அதற்குக் காரணம் 1937. 1934 முதல் 1936 வரை பொருளாதாரம் வருடத்துக்கு ஏறக்குறைய 9 முதல் 13 சதவீதம் வளர்ந்தது. நோயாளி எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று நினைத்தார்கள். பட்ஜெட்டில் பற்றாக்குறை இருக்கக் கூடாது என்று நிதியமைச்சர் ஹென்றி மார்கன்தாவ் வற்புறுத்தினார், ரூஸ்வெல்ட்டுக்கும் அதில் நம்பிக்கை இருந்தது. வேலைத் திட்டத்தில் ஆள் குறைத்தார்கள். முன்னாள் வீரர்களுக்கு 1936-இல் கொடுத்த பெரிய போனஸ் அடுத்த வருடம் இல்லை. சமூகப் பாதுகாப்புக்காகச் சம்பளத்தில் பிடித்தம் 1937 ஜனவரியில் தொடங்கியது, பணம் உள்ளே வந்ததே தவிர வெளியே பெரிதாகப் போகவில்லை. போதாததற்கு, வங்கிகள் கையிருப்பில் வைக்க வேண்டிய தொகையை மத்திய வங்கி மூன்று தவணையில் இரட்டிப்பாக்கியது. மொத்த உற்பத்தியில் 5.5 சதவீதம் அளவுக்கு இருந்த பற்றாக்குறை, 1938 நிதியாண்டில் கிட்டத்தட்ட பூஜ்யம். ஒரே வருடத்தில் தொழில் உற்பத்தி மூன்றில் ஒரு பங்கு விழுந்தது. 1938 ஏப்ரலில் ரூஸ்வெல்ட் மனம் மாறி, பல நூறு கோடி டாலர் செலவுக்கு அனுமதி கேட்டார். மத்திய வங்கியும் பிடியைத் தளர்த்தியது. நடு வருடத்திலேயே சரிவு நின்றது. 1939-இல் வளர்ச்சி 8 சதவீதம், அமெரிக்கா போரில் இறங்குவதற்கு இரண்டு வருடம் முன்பு.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மீட்சி முழுவதையும் வேலைத் திட்டங்களின் கணக்கில் எழுத முடியாது. டாலரின் மதிப்பைத் தங்கத்தோடு கட்டி வைத்திருந்ததை 1933-இல் கழற்றிவிட்டதும், மறுவருடம் தங்கத்தின் விலையை அவுன்சுக்கு 20.67 டாலரிலிருந்து 35-ஆக உயர்த்தியதும், அதனால் நாட்டுக்குள் பணம் பெருகியதும்தான் பெரிய காரணம் என்று கிறிஸ்டினா ரோமர் போன்ற பொருளாதார அறிஞர்கள் சொல்கிறார்கள். அவர்கள் ஆதாரம் வலுவானது. எனக்குப் புரிந்தவரை இரண்டும் மோதவில்லை. பள்ளத்தின் ஆழத்தைப் பார்த்தால் அரசு செலவழித்தது சிறிய தொகை. மருந்தின் அளவு போதவில்லை என்று 1956-லேயே கேரி பிரவுன் என்ற ஆய்வாளர் கணக்குப் போட்டுக் காட்டினார். திட்டங்களில் குறைகளும் இருந்தன. பெரும்பாலும் ஒரு குடும்பத்துக்கு ஒருவருக்குத்தான் வேலை, அதனால் பெண்கள் பலர் வெளியே நின்றார்கள். தெற்கில் கறுப்பினத் தொழிலாளர்களுக்கு மோசமான வேலையும் குறைந்த கூலியும்தான் கிடைத்தன. பஞ்சு பறிக்கும் பருவம் வந்தால் அவர்களைப் பட்டியலிலிருந்து நீக்கி வயலுக்கு விரட்டியதும் நடந்தது.

அப்புறம் போர். 1943-இல் அமெரிக்க அரசின் பற்றாக்குறை மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய 30 சதவீதம். 1944-இல் வேலையின்மை 1.2 சதவீதம். கப்பலையும் விமானத்தையும் வாங்கியது அரசு. சீருடை போட்டவர்களுக்குச் சம்பளம் கொடுத்ததும் அரசு, அதுவும் கடன் வாங்கி. போர்தான் மீட்டது என்று சொல்கிறவர்கள், அரசு தயங்காமல் செலவழித்தபோது எல்லோருக்கும் வேலை கிடைத்தது என்று ஒப்புக்கொள்கிறார்கள். அந்த அளவில் பாதியையாவது 1934-இல் பள்ளிக்கும் சாலைக்கும் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் என் ஆதங்கம்.

டபிள்யூ.பி.ஏ.-வை மூடும்படி 1942 டிசம்பரில் ரூஸ்வெல்ட் உத்தரவிட்டார், அடுத்த ஜூனில் அது முடிந்தது. அரசுக் கூலிக்குப் பழகி அங்கேயே கிடப்பார்கள் என்று எட்டு வருடம் முன்பு பயந்தார்களே, அந்த ஜனங்களில் பெரும்பாலோர் அதற்குள் பட்டியலைவிட்டுப் போயிருந்தார்கள். தொழிற்சாலைகள் ஆள் எடுக்கத் தொடங்கியதும் தாங்களாகவே போனார்கள்.