பியுசி முடிச்சு கணக்கு படிக்கணுமா? அஞ்சு வருஷ கோர்ஸ் பத்தி வந்த கேள்விகள்

பெங்களூர் அல்சூர்ல ஞாயித்துக்கிழமை கணக்கு ட்யூஷன் எடுக்கிறேன், அதனால பியுசி (கர்நாடகாவோட பிளஸ் டூ) ரிசல்ட் சீசன் வந்தாலே ஃபோன் சூடாயிடும். இந்த தடவை வந்ததுல பாதிக்கு மேல டிகிரியும் மாஸ்டர்ஸும் சேர்ந்த மேத்ஸ் கோர்ஸ் பத்திதான். தனித்தனியா வாய்ஸ் நோட் போட்டு தொண்டை கட்டிடுச்சு, அதான் எல்லாருக்கும் சேர்த்து இங்கயே எழுதிடறேன்.

சார், என் பொண்ணு செகண்ட் பியுசி போறா, பயாலஜி எடுக்கல, பிசிஎம்சி (பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, மேத்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ்). ஐசர் எக்ஸாம்ல பயாலஜி கேக்குறாங்களாமே, அவ எழுத முடியுமா? (ராமமூர்த்தி நகர்லருந்து ஒரு அம்மா)

தாராளமா எழுதலாம்மா. ஐசர்ங்கறது சயின்ஸுக்குன்னே இருக்கிற மத்திய அரசு இன்ஸ்டிட்யூட், அதுல சேர எழுதற என்ட்ரன்ஸ்தான் ஐஏடி. அதுல மொத்தம் 60 கேள்வி, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, மேத்ஸ், பயாலஜி ஒவ்வொண்ணுலயும் 15. சரியா போட்டா 4 மார்க், தப்பா போட்டா 1 போயிடும். மொத்தம் 240, பயாலஜி பக்கமே போகலைன்னாலும் 180க்கு ஆடலாம். பத்தாங்கிளாஸ்ல படிச்சத வச்சு ஒண்ணு ரெண்டு உறுதியா தெரிஞ்சா மட்டும் தொடச் சொல்லுங்க, குருட்டாம்போக்குல அடிக்க வேணாம். ஆனா ஒரு விஷயம், உள்ள போனதும் முதல் வருஷம் பொதுவா நாலு சப்ஜெக்ட்டும் இருக்கும், "நான் மேத்ஸ் படிக்கத்தானே வந்தேன், செல்லு டிஎன்ஏ எல்லாம் எதுக்கு"ன்னு ஹாஸ்டல்லருந்து அழுதுட்டு ஃபோன் பண்ண பிள்ளைங்கள எனக்குத் தெரியும். இப்பவே சொல்லி வச்சிருங்க.

அஞ்சு வருஷம் ஒரே இடத்துல படிக்கிறதா, இல்ல மூணு வருஷம் பி.மேத் (மேத்ஸ் டிகிரி) முடிச்சுட்டு அப்புறம் மாஸ்டர்ஸ் தேடுறதா? எது சார் பெஸ்ட்? (மர்ஃபி டவுன் தம்பி)

எது பெஸ்ட்டுன்னு கேக்காத தம்பி, நடுவுல மனசு மாறினா எந்த கதவு திறக்கும்னு கேளு. 17 வயசுல அஞ்சு வருஷத்துக்கு கையெழுத்து போடறோம்ல, அதான் கவனிக்கணும்.

நம்ம ஊர்லயே பாரு. ஐஎஸ்ஐ (இந்தியன் ஸ்டாட்டிஸ்டிகல் இன்ஸ்டிட்யூட்) பெங்களூர்ல பி.மேத், மூணு வருஷம். நம்ம அல்சூர் மெட்ரோ, அதான் ஹலசூரு ஸ்டேஷன்ல பர்ப்பிள் லைன் ஏறி கெங்கேரி பக்கம் போனா மைசூர் ரோட்டுல இருக்கு, மாறவே வேணாம். ட்யூஷன் ஃபீஸ் கிடையாது, மேல மாசாமாசம் ஸ்டைபெண்டும் உண்டு, ஆனா மார்க் விழுந்தா அதுவும் குறையும். மூணு வருஷம் முடிஞ்சதும் டிகிரி கையில, அதுக்கப்புறம் எம்.மேத் மாஸ்டர்ஸா, வெளிநாடா, வேலையான்னு நீ முடிவு பண்ணிக்கலாம். சென்னை சிறுசேரில சிஎம்ஐயும் (சென்னை மேத்தமேட்டிகல் இன்ஸ்டிட்யூட்) வருஷக் கணக்குல இதே மாதிரிதான், மூணு வருஷ பிஎஸ்சி ஹானர்ஸ், மேத்ஸோட கம்ப்யூட்டர் சயின்ஸும் சேர்ந்து வரும்.

ஐஐஎஸ்சி (இந்தியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் சயின்ஸ்) வேற டைப். 2011ல ஆரம்பிச்ச நாலு வருஷ பிஎஸ் ரிசர்ச், வேணும்னா அஞ்சாவது வருஷமும் இருந்து மாஸ்டர்ஸோட வெளிய வரலாம். முதல் மூணு செமஸ்டர் எல்லாரும் எல்லாம் படிக்கணும், மேஜர் எல்லாம் அப்புறம்தான். இதுக்குன்னு தனி எக்ஸாம் கிடையாது, ஜேஇஇ அட்வான்ஸ்டு இல்ல ஐஏடி ரேங்க்க வச்சு எடுப்பாங்க. ஐசர்னா பூனே, கொல்கத்தா, மொஹாலி, போபால், திருவனந்தபுரம், திருப்பதி, பெர்ஹாம்பூர்னு மொத்தம் ஏழு, எல்லாத்துலயும் அஞ்சு வருஷ பிஎஸ்-எம்எஸ், கடைசி வருஷம் தீசிஸ். மாஸ்டர்ஸுக்கு தனியா என்ட்ரன்ஸ் எழுதற தலைவலி இல்ல, அது பெரிய லாபம்தான், இல்லைங்கல. புவனேஸ்வர் நைசர், மும்பை சிபிஎஸ்னு இன்னும் ரெண்டு சயின்ஸ் இன்ஸ்டிட்யூட் இருக்கு, ரெண்டுக்கும் நெஸ்ட்ங்கற என்ட்ரன்ஸ் வழியா, அதுவும் அஞ்சு வருஷம்தான்.

ஆனா இதெல்லாம் பாக்கறதுக்கு முன்னாடி உனக்கு ஒரு வேலை தர்றேன். ஒரு பேப்பர் எடு. இடதுலருந்து வலது பக்கம் பென்சில எடுக்காம ஒரு கோடு போடு, பின்னாடி திரும்பக் கூடாது, ரெண்டு பக்கமும் முடிவில்லாம போயிட்டே இருக்குன்னு வச்சுக்கோ. அந்த கோடு ஒவ்வொரு உயரத்தையும் சரியா மூணே மூணு தடவை தொடணும். முடியும், சாய்வா ஒரு படி உயரம் ஏறு, அதே உயரம் இறங்கு, திரும்ப அதே உயரம் ஏறு, இதையே போட்டுட்டு போ. இப்ப மூணுக்கு பதிலா ரெண்டே ரெண்டு தடவை தொடற மாதிரி போட்டுக் காட்டு. போட முடியாது. ஏன் முடியாதுன்னு யார் படிச்சாலும் மறுத்துப் பேச முடியாத மாதிரி எழுது.

என்கிட்ட வர்ற ஒரு பொண்ணு இத ரெண்டு வாரம் மண்டைக்குள்ள போட்டு உருட்டிட்டு, பிஎம்டிசி பஸ் டிக்கெட் பின்பக்கம் வரைஞ்சு எடுத்துட்டு வந்துச்சு, செருப்பக் கூட கழட்டல, "சார் கிடைச்சிடுச்சு"ன்னு வாசல்லயே நின்னு ஆரம்பிச்சிடுச்சு. இன்னொரு பையன், ட்யூஷன்லயே அதிக மார்க் எடுக்கிறவன், அஞ்சு நிமிஷம் பாத்துட்டு "இதுக்கு ஃபார்முலா என்ன சார்"ன்னான். அவன் இன்ஜினியரிங் போனான், நல்லாவும் இருக்கான், தப்பே இல்ல. நான் படிச்ச காலேஜ்ல, பேர் வேணாம், தியரத்த கமா புள்ளி மாறாம ஒப்பிச்சா முழு மார்க், எம்எஸ்சி முடிச்சப்பறமும் சொந்தமா ஒரு வரி ப்ரூஃப் எழுத வராம முழிச்சேன். ஐஎஸ்ஐ எக்ஸாம்ல ரெண்டாவது பேப்பர் முழுக்க 8 கணக்கு, ரெண்டு மணி நேரம், எல்லாம் எழுதிக் காட்டறது, டிக் அடிக்கிற கதையே இல்ல. பழைய பேப்பர் நெட்ல ஃப்ரீயாவே கிடைக்கும், எடுத்து ஒரு மாசம் மல்லுக்கட்டு, பிடிக்குதான்னு தெரிஞ்சிடும்.

அப்புறம், பியுசி ரிசல்ட் வரட்டும் பாத்துக்கலாம்னு இருந்துடாத, ஃபார்ம் போடற தேதி எல்லாம் அதுக்கு முன்னாடியே ஓடிடும். வருஷா வருஷம் நாலு பேராவது இதுல மாட்டறாங்க.

கணக்கு படிச்சா வாத்தியார் வேலை மட்டும்தானே? பையன் அஞ்சு வருஷம் படிச்சுட்டு என்ன பண்ணுவான்? (ஜீவன் பீமா நகர் அப்பா)

சார், அந்த 'மட்டும்தானே' கொஞ்சம் குத்துது, நானும் வாத்தியார்தான். ஸ்கூல்ல எடுக்கணும்னா பி.எட் வேணும், காலேஜ்னா மாஸ்டர்ஸோட நெட்ங்கற லெக்சரர் தகுதித் தேர்வு, இல்ல பிஎச்டி. அது போக இன்ஷூரன்ஸ்ல ரிஸ்க்கையும் பிரீமியத்தையும் கணக்கு போடற ஆக்சுவரி, ஆனா அதுக்கு தனியா எக்ஸாம் எழுதிட்டே இருக்கணும். பேங்க், ட்ரேடிங் கம்பெனில ரிஸ்க் பாக்கறது, தகவல ரகசியமா பூட்டற க்ரிப்டோகிராஃபி, டேட்டா வேலை எல்லாம் இருக்கு, நம்ம ஊர்லயே இருக்கு. ஒண்ணு மட்டும் ஒளிவு மறைவு இல்லாம சொல்லிடறேன், வெறும் மேத்ஸ் டிகிரிய நீட்டினா யாரும் கூப்பிட மாட்டாங்க, கூடவே ப்ரோக்ராமிங்கும் ஸ்டாட்டிஸ்டிக்ஸும் கைல இருக்கணும்.

நாலு வருஷ டிகிரி முடிச்சா மாஸ்டர்ஸ் ஒரே வருஷம்ங்கறாங்க, காலேஜ்ல கேட்டா அதெல்லாம் இல்லங்கறாங்க. எது நிஜம்?

ரெண்டுமே. நாலு வருஷம் படிச்சவங்களுக்கு ஒரு வருஷ மாஸ்டர்ஸ்னு யுஜிசி சொல்லியிருக்கு. ஆனா கர்நாடகால 2021ல கொண்டு வந்த நாலு வருஷ ஹானர்ஸ 2024ல எடுத்துட்டு திரும்ப மூணு வருஷத்துக்கே வந்துட்டாங்க. அதனால இங்க ஸ்டேட் யுனிவர்சிட்டி காலேஜ்ல சேர்ந்தா மூணு ப்ளஸ் ரெண்டு. கூட்டிப் பாருங்க, எப்படி சுத்தினாலும் அஞ்சுதான்.

பிஎஸ்சி மேத்ஸ் முடிச்சு ரெண்டு வருஷமா எலக்ட்ரானிக் சிட்டில வேலை. நைட் ஷிஃப்ட். திரும்ப படிக்கணும்னு இருக்கு, லேட் ஆயிடுச்சா அண்ணா?

லேட்லாம் இல்லம்மா. ஜாம்னு எம்எஸ்சிக்கான என்ட்ரன்ஸ் இருக்கு, அத எழுது, வயசு லிமிட் கிடையாது. 60 கேள்வி, 100 மார்க், மூணு மணி நேரம், பிப்ரவரில வரும், ஃபார்ம் செப்டம்பர் வாக்குல பாரு. அத வச்சு ஐஐடில ரெண்டு வருஷ எம்எஸ்சி போகலாம், இல்ல ஐஐஎஸ்சில மேத்ஸ் இன்டக்ரேட்டட் பிஎச்டி, அதுல மாஸ்டர்ஸும் பிஎச்டியும் சேர்ந்தே வரும், ஸ்டைபெண்டும் உண்டு. எலஹங்கால டிஐஎஃப்ஆர் (டாடா ஆராய்ச்சி இன்ஸ்டிட்யூட்) சென்டர் இருக்கு, அங்கயும் பிஎஸ்சி முடிச்சவங்களுக்கு இன்டக்ரேட்டட் பிஎச்டி உண்டு, அதுக்கு எக்ஸாம் தனி. ஷிஃப்ட் முடிஞ்சு ஆபீஸ் கார்ல வர்ற நேரத்துல லீனியர் அல்ஜிப்ராவும் ரியல் அனாலிசிஸும் ஆரம்பிச்சிடு, மத்தது அப்புறம். ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு மேல நான் வீட்லதான் இருப்பேன், டவுட் இருந்தா வா, ஃபீஸ் எல்லாம் வேணாம்.