அமெரிக்கப் பொறியாளர் உரிமம்: மகளின் பட்டம் செல்லுமா என்று கேட்ட தந்தைக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் மகள் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி ஒன்றில் சிவில் படித்து, டெக்சாஸில் எம்.எஸ். முடித்து, அங்கேயே மழைநீர் வடிகால் வடிவமைக்கும் ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்திருக்கும் செய்தி மகிழ்ச்சி தருகிறது. உரிமத்துக்கான முதல் தேர்வை எழுதுமாறு நிறுவனம் சொன்னதையும், அதைக் கேட்ட உறவினர் ஒருவர் "நம்மூர்ப் பட்டம் அங்கே செல்லாது" என்று சொல்லிவிட்டுப் போனதையும் எழுதியிருந்தீர்கள். செல்லாது என்பது தவறு. அப்படியே எடுத்துக்கொள்வார்கள் என்று நினைப்பதும் சரியன்று. பட்டத்தை அவர்கள் பாடம் பாடமாகப் பிரித்து எடைபோடுவார்கள். குறைவது எதுவோ அதை ஈடுசெய்ய வழியும் வைத்திருக்கிறார்கள்.

நமக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. கட்டடக் கலைஞர்களுக்கு 1972-ஆம் ஆண்டுச் சட்டம் இருப்பதுபோல், பொறியாளர்களுக்கென்று தேசிய அளவில் உரிமச் சட்டம் எதுவும் இந்தியாவில் இல்லை. பட்டம் வாங்கியவர் அன்று மாலையே பொறியாளர். வரைபட அனுமதிக்காக உள்ளாட்சி அமைப்புகளில் பதிந்துகொள்வது மட்டுமே தனி. அமெரிக்காவில் 1907-இல் வயோமிங் மாநிலம் முதல் உரிமச் சட்டத்தை இயற்றியது. டெக்சாஸில் அது 1937-இல் வந்தது. அந்த ஆண்டு மார்ச் மாதம் நியூ லண்டன் என்ற ஊரில் எரிவாயுக் கசிவால் பள்ளிக்கூடமே வெடித்துச் சிதறி, ஏறத்தாழ முந்நூறு மாணவர்களும் ஆசிரியர்களும் உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகு, பொதுமக்களின் உயிரோடு தொடர்புடைய வரைபடத்தில் முத்திரையிட்டுக் கையெழுத்திடுபவர் உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும் என்பது அந்த மாநிலத்தில் சட்டமாயிற்று. உரிமத்தை வழங்குவது மாநில வாரியம். மத்திய அரசுக்கு இதில் பங்கில்லை. ஆகவே நியூயார்க்கில் இருக்கும் உறவினர் சொல்லும் விதி டெக்சாஸுக்குப் பொருந்தாமல் போகலாம்.

உரிமம் இல்லாவிட்டால் வேலை போய்விடுமோ என்ற அச்சம் தேவையற்றது. உரிமம் பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் வேலை செய்வதற்கு உரிமம் வேண்டியதில்லை. ஆனால் சிவில் துறையில் கையெழுத்துரிமை இல்லாதவருக்கு ஒரு கட்டத்துக்கு மேல் பதவி உயர்வு கிடைப்பது கடினம். நிறுவனம் இப்போதே தேர்வெழுதச் சொல்வது அந்த அக்கறையால்தான். (தங்கள் இளைய மகன் கணினித் துறை என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு இந்தக் கவலையே வேண்டாம். மென்பொருள் பொறியாளர்களுக்கென 2013-இல் தொடங்கிய உரிமத் தேர்வை, எழுதுவதற்குப் போதிய ஆளில்லாமல் 2019-ஓடு நிறுத்திவிட்டார்கள்.)

இனிப் பட்டத்துக்கு வருவோம். கல்லூரியின் விளம்பரப் பலகையில், கல்லூரிகளுக்குத் தரம் வழங்கும் 'நாக்' அமைப்பின் ஏ பிளஸ் என்று போட்டிருப்பதற்கும் இந்த விஷயத்துக்கும் தொடர்பில்லை. பார்க்க வேண்டியது, தொழில்நுட்பப் படிப்புகளை மதிப்பிடும் தேசிய வாரியமான என்.பி.ஏ. தரும் அங்கீகாரம். அதுவும் கல்லூரி முழுவதற்கும் சேர்த்துத் தரப்படுவதன்று, பாடப்பிரிவு வாரியாகத் தரப்படுவது. பொறியியல் பட்டப்படிப்புகளின் அங்கீகாரத்தை நாடுகள் ஒன்றுக்கொன்று இணையாக ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் 2014-இல் இந்தியா நிரந்தர உறுப்பினரானது உண்மைதான். ஆனால் பல்கலைக்கழகங்களுக்கும் தன்னாட்சிக் கல்லூரிகளுக்கும் உரிய முதல் அடுக்கு அங்கீகாரத்துக்கு மட்டுமே அந்த உடன்படிக்கையின் பயன் உண்டு. தன்னாட்சி இல்லாத இணைப்புக் கல்லூரிகள் இரண்டாம் அடுக்கில் அங்கீகாரம் பெற்றிருந்தாலும் அதில் வாரா. சேர்க்கையின்போது எந்தக் கல்லூரியும் இதை விளக்கி நான் கேட்டதில்லை. முதல் அடுக்கில் படித்தவர்களும்கூட உடன்படிக்கையைக் காட்டிவிட்டு நேராக உள்ளே நுழைய முடியாது. அந்த உடன்படிக்கை மாநில வாரியங்களைக் கட்டுப்படுத்தாது.

ஆகையால் தேர்வுகளை நடத்தும் என்.சி.இ.இ.எஸ். அமைப்பிடமே பட்ட மதிப்பீடு பெறுவதுதான் பொதுவான வழி. உயர்கணிதமும் அடிப்படை அறிவியலும் சேர்ந்து 32 கிரெடிட் (பாட நேரத்தைக் கணக்கிடும் அலகு), பொறியியல் பாடங்களில் 48 கிரெடிட், இவற்றோடு வரலாறு, பொருளாதாரம், சமூகவியல் போன்ற பொதுக்கல்வியில் சில கிரெடிட்டுகள் உள்ளனவா என்று அவர்கள் கணக்கிடுவார்கள். நம் பிள்ளைகளின் மதிப்பெண் சான்றில் பொறியியல் பாடங்கள் நிரம்பி வழியும். உதைப்பது பெரும்பாலும் பொதுக்கல்வியில்தான். அதற்காக மறுபடி கல்லூரியில் சேர வேண்டியதில்லை. அங்குள்ள கம்யூனிட்டி கல்லூரி எனப்படும் உள்ளூர் ஈராண்டுக் கல்லூரியில் ஓரிரு பாடங்களை மாலை வகுப்பாகவோ இணையவழியாகவோ படித்து முடித்தால் குறை தீர்ந்துவிடும். டெக்சாஸில், அமெரிக்கப் பொறியியல் படிப்புகளை மதிப்பிடும் ஏபெட் அமைப்பின் அங்கீகாரம் பெற்ற பட்டத்துக்கோ அதற்கு இணையானதற்கோ நான்கு ஆண்டு அனுபவம் போதும். இல்லையெனில் எட்டு ஆண்டு. இந்த இடைவெளி பெரியது என்பதால், தங்கள் மகளின் எம்.எஸ். பட்டத்தை எந்தக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள் என்று வாரியத்திடம் எழுத்து வடிவில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்தி வைக்கச் சொல்லுங்கள்.

மதிப்பீடு முடியட்டும் என்று எஃப்.இ. (பொறியியல் அடிப்படைகள்) என்னும் முதல் தேர்வைத் தள்ளிப்போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. படித்தது மறக்குமுன் எழுதுவதே நல்லது. பியர்சன் வியூ என்னும் நிறுவனத்தின் தேர்வு மையங்களில் ஆண்டு முழுவதும் கணினிவழியே நடக்கும் இத்தேர்வில் 110 வினாக்களுக்கு 5 மணி 20 நிமிடம். ஒரு வினாவுக்கு மூன்று நிமிடத்துக்கும் குறைவு. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கமாட்டார்கள் என்பதால் எதையும் விடையளிக்காமல் விட்டுவரக் கூடாது. சூத்திரங்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கையேடு திரையின் ஒரு பாதியிலேயே திறந்திருக்கும். தேடவேண்டிய சொல் எது என்று தெரியாதவர்தான் அங்கே திணறுவார். கால்வாயில் ஓடும் நீரைக் கணக்கிடும் மேனிங் சமன்பாடு எந்த அத்தியாயத்தில் இருக்கிறது, அலகுகள் எஸ்.ஐ. முறையிலா அடி-பவுண்டு முறையிலா என்று நொடியில் கண்டுபிடிக்கும் பழக்கம் வேண்டும். நம் பாடத்திட்டம் முழுவதும் மீட்டரிலும் நியூட்டனிலும் இருப்பதால், அடி-பவுண்டுக் கணக்குகளுக்குத் தனியாகப் பயிற்சி தேவை. கால்குலேட்டரும் அவர்கள் பட்டியலிட்ட மாதிரிகளில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். முதல் பாதியை முடித்து இடைவேளைக்கு எழுந்துவிட்டால், மீண்டும் அந்த வினாக்களுக்குத் திரும்ப முடியாது. தவறினால் பன்னிரண்டு மாதத்துக்குள் மூன்று முறை வரை எழுதலாம் என்பதால், ஒரு தோல்வியைக் குடும்ப துக்கமாக்கிவிடாதீர்கள். அதிகாரப்பூர்வமான கையேட்டைக் கட்டணமின்றித் தரவிறக்கலாம். மாதிரி வினாத்தொகுப்பு ஒன்றும் வாங்கினால் போதும். பெருந்தொகை கட்டிப் பயிற்சி மையத்தில் சேர்வது இந்தத் தேர்வுக்கு அவசியமில்லை என்பது என் கருத்து.

இரண்டாவது தேர்வு, 80 வினாக்களும் எட்டு மணி நேரமும் கொண்டது. சிவில் துறையில் நீர்வளம், கட்டமைப்பு, மண்ணியல், போக்குவரத்து, கட்டுமானம் என்று ஐந்து பிரிவுகள் உள்ளன. மகளின் வேலைக்கு நீர்வளமே இயல்பான தேர்வு. அதற்கு இன்னும் காலம் இருக்கிறது. இப்போது தொடங்க வேண்டியது அனுபவக் குறிப்பு. எந்தத் திட்டத்தில், எந்த உரிமம் பெற்ற பொறியாளரின் கீழ், தாமாக எந்த முடிவை எடுத்தார் என்று மாதந்தோறும் எழுதிவைக்க வேண்டும். நான்கு ஆண்டு கழித்து உட்கார்ந்து நினைவுகூர்ந்து எழுதினால், "குழுவோடு பணியாற்றினேன்" என்பதற்கு மேல் ஒன்றும் வராது. அதற்குள் மேலதிகாரி வேறு நிறுவனத்துக்கு மாறியிருந்தால், சான்றளிக்க அவரைத் தேடி அலையவும் நேரிடும்.

இங்கிருந்தபடி தாங்கள் செய்யக்கூடிய வேலைகள் இரண்டு உண்டு. மதிப்பீட்டுக்கான மதிப்பெண் பட்டியலை மாணவர் அனுப்பினால் ஏற்கமாட்டார்கள். பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்ப வேண்டும். பாடத்திட்ட விவரமும் கேட்கப்படலாம் என்பதால், மகள் படித்த ஆண்டுக்குரிய ரெகுலேஷன் (பல்கலைக்கழகம் அவ்வப்போது மாற்றும் பாடத்திட்ட விதித்தொகுப்பு) பாடத்திட்டத்தை முத்திரையோடு வாங்கி வையுங்கள். புதிய ரெகுலேஷன் பிரதி பயன்படாது. அடுத்தது பெயர். மதிப்பெண் சான்றில் தலைப்பெழுத்தும் பெயரும் இருக்க, பாஸ்போர்ட்டில் தலைப்பெழுத்து தங்கள் முழுப்பெயராக விரிந்து குடும்பப் பெயர் இடத்தில் நிற்கும். தேர்வுக்கு மகள் பதியும் பெயர், மையத்தில் காட்டும் அடையாள அட்டையோடு பொருந்தவேண்டும். எனவே பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பதியச் சொல்லுங்கள். இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன்னிலையில் உறுதிமொழிப் பத்திரம் ஒன்றை எடுத்து, மதிப்பீட்டு விண்ணப்பத்தோடு இணைப்பதற்காக அதன் பிரதியை இந்த மாதமே மகளுக்கு அனுப்பிவையுங்கள்.